ரூத்தக்காவின் ஐந்து மணி லைன்

எங்கள் ஜெப லைனை நடத்துகிறவருக்குக் கண்டக்டர் என்று பெயர். பாஸ்டர் என்றோ லீடர் என்றோ யாரும் சொல்வதில்லை. காலை ஐந்து மணிக்கு அவரவர் வீட்டில் அவரவர் போன் முன்னால் உட்கார்ந்து, சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஒன்றுசேர்ந்து ஜெபிக்கிற கூட்டம் இது. இந்த மாதம் புதிதாக மூன்று பெண்கள் கண்டக்டர் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் மாலதி என்ற பெண் என்னிடம், "டீச்சரக்கா, நீங்களும் ரூத்தக்காவும் எப்படி நடத்தினீங்கோ, அக்கா போனதுக்கப்புறம் மறுபடியும் எப்படி ஓடுச்சி, எல்லாத்தையும் எழுதிக் குடுங்கோ. படிச்சிட்டுதான் நாங்க ஏறுவோம்" என்றாள்.

இப்படியெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். என் மகள் ஜெனி இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. எனக்கு இதை எழுதத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு எப்போதும் 'இல்லை' என்றுதான் விடை வரும். அதனால் யோசிப்பதை விட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவுமில்லாமல், அந்த ஒரு காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. ஜெனிக்கு இட்லி ஊட்டும்போதுகூட நினைத்துக்கொண்டு சிரிக்கிறேன். யாரிடமாவது முழுதாகச் சொன்னால்தான் அடங்கும்.

ரூத்தக்கா நிஜமாகவே கண்டக்டர். சித்தூர் திருப்பதி பஸ்ஸில் வேலை. அப்போது நான் சித்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்குப் போய் ஒரு தனியார் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்திரகிரி வருவதற்குள் அன்றைய நாளுக்காக மனசுக்குள் ஜெபித்து முடித்துவிடுவது என் வழக்கம். ஒருநாள் அவர் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டு என் சீட்டில் சாய்ந்து நின்றார்.

"டீச்சரம்மா, உதடு ஆடுது, சத்தம் வரல. ஜெபமா, கணக்கா?"

"ஜெபம்தாங்க."

"அப்ப எனக்கும் சேத்துப் பண்ணு. பின்னாடி ரெண்டு பேரு டிக்கெட் எடுக்காம, தூங்கற மாரி நடிச்சிக்கினு இருக்கானுங்க. அவனுங்க கண்ணு தொறக்கணும்."

பஸ்ஸே சிரித்தது. பின்னாடி இருந்த இரண்டு பேரும் எழுந்து டிக்கெட் எடுத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஆனால் சண்டை போடும்போது வயது பார்க்கமாட்டார். நானும் பார்த்ததில்லை.

ஊரடங்கில் பஸ்கள் நின்றன. ஒரு வாரம் கழித்து ரூத்தக்கா போன் செய்தார்.

"பஸ்ஸு நின்னுபோச்சி, எனக்கு வாய் நிக்கமாட்டேங்குது. ஃபர்ஸ்ட் டிரிப்புக்கு எழுந்து பழகின உடம்பு, விடியறதுக்குள்ள தன்னால எழுந்துக்குது. நாலு பேரை லைன்ல ஏத்தி ஜெபம் பண்ணா இன்னா?"

"எனக்குக் கூட்டத்துல ஜெபிக்க வராதுக்கா. வார்த்தை மாறிடும்."

"எனக்கு மட்டும் வருதா? நான் தெலுங்குல தப்பா பண்றேன். நீ தமிழ்ல தப்பா பண்ணு."

இப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் பயிற்சிக்காலம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான்.

நான் என் ஜெபத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துப் படிப்பேன். அது சரிதானா என்று ஒருநாள் கேட்டேன். "எழுதினியா? படி. ஆண்டவர் ஒண்ணும் ஹோம்ஒர்க் திருத்தமாட்டாரு. அது உன் வேலை" என்றார். மறுபடி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் லைன் நிற்கவில்லை. ஜெனி வயிற்றில் இருந்தபோது நான் பள்ளி வேலையை விட்டேன். லைனை விடவில்லை. நாலு பேர் நாற்பது, ஐம்பது பேர் ஆனார்கள்.

முறைகளை மாலதி கேட்டாள். ரூத்தக்கா வைத்த முறைகள் எல்லாம் பஸ்ஸிலிருந்து வந்தவை.

கண்டக்டர்தான் முதலில் ஏற வேண்டும். ரூத்தக்காவின் போனிலிருந்துதான் மீட்டிங் திறக்கும். வந்தவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்து உள்ளே விடுவார். எல்லோரும் வந்ததும் "ரைட்!" என்பார். அதற்குப் பிறகு குசலம் விசாரிக்கக் கூடாது. ஒரு பாட்டில் ஒரே ஒரு சரணம், சின்ன வேத வாசிப்பு, பிறகு விண்ணப்பங்கள். ஒருவர் ஒரு காரியத்துக்காக மட்டும் ஜெபிக்க வேண்டும். ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப்புக்குப் போகிற நேரம்தான் அதற்கு. நகரியில் ஒரு பிரதர் இருக்கிறார், நல்ல மனிதர். ஜெபிக்க ஆரம்பித்தால் உலக நாடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுத்தான் நகரிக்குத் திரும்புவார். ரூத்தக்கா அவரை ஆப்பிரிக்காவிலேயே நிறுத்திவிடுவார். "ஹோல்டான்! பிரதர், உங்க ஸ்டேஜ் வந்துடுச்சி, இறங்குங்கோ." அவரும் கோபப்படாமல் "ஆமென்" என்று இறங்கிவிடுவார்.

நோயைச் சொல்லலாம், நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது. 'உனக்குச் சுகமாகிவிடும் என்று ஆண்டவர் சொன்னார்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "அவரு உங்கிட்ட சொன்னாரா? எங்கிட்ட சொல்லல. தெரியாத ஊருக்கு டிக்கெட் கிழிக்காத" என்பார். தனியாகப் பேச வேண்டியவர்கள், மற்றவர்கள் இறங்கிய பிறகு லைனிலேயே இருக்கலாம். அதற்குக் கடைசி சீட் என்று பெயர். கடைசி சீட்டில் பேசியது அங்கேயே இருக்கும். அவர்களுடைய நம்பர்கள்கூட ரூத்தக்காவின் போனில் மட்டும்தான் இருக்கும். எனக்குக்கூடத் தரமாட்டார்.

நான் சண்டை போட்டு வாங்கிய ஒரே முறை, கடைசியில் ஒரு நிமிட மௌனம். ரூத்தக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. "ஓடாத வண்டியில ஜனம் உக்காராது டீச்சரம்மா, இறங்கிப் போயிடும்" என்றார். இரண்டு வாரம் வாக்குவாதம். பிறகு விட்டுக்கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நிமிடமும் அவர் சும்மா இருந்ததில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.

அவர் கணவர் முரளி அண்ணன் லைனுக்கு வந்ததே இல்லை. அவர் சாமி வேறு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போகிற கார் ஓட்டுகிறார். காலையில் வீட்டு வாசலில் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார், உள்ளே ரூத்தக்கா ஜெபத்தை நடத்திக்கொண்டிருப்பார். "நீ உன் ஜனத்த மேல ஏத்து, நான் என் ஜனத்த இங்க ஏத்தறேன்" என்று அக்கா சொன்னால், "என் வண்டியில பாஸான கணக்குக்குதான் ஏத்தறேன், உன்னுதுதான் ஓவர்லோடு" என்று அண்ணன் வாசலிலிருந்து கத்துவார். எங்களுக்கு அது லைனில் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்களுக்குப் பொழுது விடியும்.

இனி சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுதுங்கக்கா" என்றாள், மாற்றியிருக்கிறேன்.

சுமதி ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்டுக்குப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் வராது. ஒருநாள் கடைசி சீட்டில் நானும் ரூத்தக்காவும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் குரல் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். நான் உடனே வேதத்திலிருந்து எதையோ தேடினேன். ரூத்தக்கா தேடவில்லை.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"வீடியோல ஒரு பாஸ்டருக்கா. மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தமாம்."

"அவரு உன்ன நேர்ல பாத்தாரா?"

"இல்லக்கா."

"நான் கண்ணாடி போட்டுக்கினு இருக்கேன், தெரியுமா?"

"தெரியும்கா."

"எனக்கு விசுவாசமும் இருக்குது, கண்ணாடியும் இருக்குது. ரெண்டையும் வச்சிக்கினுதான் டிக்கெட் கிழிக்கிறேன். கண்ணாடிய கழட்டிட்டு விசுவாசத்துல கிழிச்சேன்னு வையி, சந்திரகிரி போறவனுக்கு நெல்லூர் டிக்கெட் குடுத்துடுவேன்."

சுமதி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் ரூத்தக்கா குரலை மாற்றினார். "எத்தினி மாத்திரை, எப்ப போடணும்ங்கறது டாக்டரு வேல. அதுல நான் மூக்கை நுழைக்கமாட்டேன். நிறுத்தணும்னா அவரைக் கேட்டு நிறுத்து. அது வரிக்கும், அவரு எழுதிக் குடுத்தத நீ போட்டியான்னு பாக்கறது என் வேல. இப்ப போடு. அட்டை பிரியற சத்தம் எனக்குக் கேக்கணும்."

போனில் மாத்திரை அட்டை பொட்டென்று உடைகிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கிற சத்தமும் கேட்டது.

"ஆமென். இறங்கு" என்றார் ரூத்தக்கா.

அன்றிலிருந்து தினமும் எல்லோரும் போன பிறகு சுமதி கடைசி சீட்டில் நிற்பாள். ஒரு 'பொட்', ஒரு 'ஆமென்', ஃபேக்டரி பஸ் பிடிக்க ஓடுவாள். வருடக்கணக்காக இதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ரூத்தக்கா ஒருநாளும் போனை வைத்ததில்லை.

பிறகு ரூத்தக்கா போய்விட்டார். தலைவலி என்று டிரிப்பை முடித்துவிட்டு வந்து படுத்தவர்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது. அடக்கத்துக்கு லைனில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். குரலால் மட்டுமே தெரிந்தவர்களை அன்றுதான் முகத்தோடு பார்த்தேன். முரளி அண்ணன் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் லைன் இல்லை. என் கணவர் சாலமோன்தான், "பிரிசி, நீ ஆரம்பி. அவுங்க இருந்தா இன்னேரம் உன்னத் திட்டியிருப்பாங்க" என்றார். அவர் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். போன் விஷயங்கள் அவருக்குத் தெரியும். ரூத்தக்காவின் போன் இல்லாமல் பழைய மீட்டிங் திறக்காது என்பதால், என் பெயரில் புது லிங்க் ஒன்று உண்டாக்கி லைன்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் எழுதி வைத்த காகிதத்தோடு உட்கார்ந்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர். நான், பக்கத்து அறையிலிருந்து சாலமோன், நகரி பிரதர், அவர் மனைவி. பிரதரை நிறுத்த ஆளில்லை. உலகத்தை முழுதாகச் சுற்றி வந்தார்.

அடுத்த நாளும் நான்கு பேர்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே.

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜனங்கள் ரூத்தக்காவுக்காக வந்தார்கள், எனக்காக வர அவர்களுக்கு என்ன இருக்கிறது? என் குரல் வகுப்பறைக் குரல். என் ஜெபம் எழுதி வைத்த ஜெபம். நடுவில் ஜெனி எழுந்து வந்து என் காகிதத்தைப் பிடுங்கி "ஆமென், ஆமென்" என்று கத்துவாள். ஒரு தாய், குழந்தையையும் ஒழுங்காகப் பார்க்காமல், லைனையும் ஒழுங்காக நடத்தாமல் இருப்பதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? இப்படியே பகலெல்லாம் ஓடும்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். சுமதி வரவில்லையே, அதுதான் என்னைத் தின்றது. கடைசி சீட்டில் அவள் இல்லை. மாத்திரை போடுகிறாளா? நிறுத்திவிட்டாளா? ஃபேக்டரியில் மெஷின் பக்கம் நிற்கிற பெண். குழுவில் இருக்கிற நம்பர்களில் அவளுடையது எது என்று எனக்குத் தெரியாது. குழுவில் அவள் பெயரைப் போட்டுக் கேட்டால் அக்காவின் முறையை நானே உடைத்ததாகும். முரளி அண்ணனிடம் கேட்கலாம். ஆனால் மனைவியை இழந்த மனிதரிடம் போய், அதுவும் ஜெபத்துக்கு என்று, எப்படிக் கேட்பது? போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். சாலமோன் பார்த்துவிட்டு, "நான் பேசட்டா?" என்பார். "வேணாங்க, நானே பேசறேன்" என்று சொல்லிவிட்டு நானும் பேசமாட்டேன்.

கடைசியில் லைனை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். 'அன்பானவர்களே' என்று ஆரம்பித்துக் குழுவுக்கு ஒரு செய்தியும் தட்டச்சு செய்துவிட்டேன். காலையில் அனுப்பலாம் என்று வைத்தேன்.

அந்தக் காலையில், நகரி பிரதர் ஐரோப்பாவுக்கு வந்திருந்த நேரத்தில், என் போனில் அழைப்பு வந்தது. திரையில் 'ரூத்தக்கா' என்று இருந்தது. அவர் சிரிக்கிற போட்டோவும் இருந்தது.

ஜெனி எட்டிப் பார்த்து, "நைனா, பஸ் பெரீம்மா!" என்று சாலமோனைக் கூப்பிட்டாள். நான் எடுத்தேன். "அக்கா" என்றுவிட்டேன்.

"நான்தாம்மா, முரளி. பயந்துட்டியா?"

"இல்லண்ணா." பொய்.

"ஒண்ணு கேக்கணும்மா. அவ போனை சார்ஜ் போட்டு வச்சிக்கினு இருக்கேன். டெய்லி காலையில இதுல பேருங்கோ வருது. வெயிட்டிங், வெயிட்டிங்னு காட்டுது. கதவாண்ட ஜனம் நிக்கற மாரி. நானும் பாத்துக்கினே இருக்கேன். கொஞ்ச நேரம் நிக்கிறாங்கோ, அப்பறம் போயிடறாங்கோ. மறுநாளும் வர்றாங்கோ. அவ போயிட்டது இவுங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. எல்லாரும் அடக்கத்துக்கு வந்தாங்களே."

"அப்ப யாருக்கும்மா நிக்கிறாங்கோ?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "இப்ப... இப்ப இருக்காங்களா அண்ணா?"

"இருக்காங்கம்மா. புத்தூர் ரோஸம்மா, பாகாலா ராஜு, இன்னும் கீழ போய்க்கினே கீது. மேல தர்ம தரிசனம் க்யூ மாரி நிக்குது. சுமதின்னு ஒரு பொண்ணு, அதான் டெய்லி மொதல்ல வருது."

அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. ஒவ்வொருவர் போனிலும் ரூத்தக்காவே பழைய லிங்கை முகப்பில் வைத்துக் கொடுத்திருந்தார், சிலருக்குப் பஸ்ஸிலேயே. 'இத அமுக்கு, கதவு தொறக்கும்' என்று சொல்லியிருந்தார். எங்கள் புது லிங்க், குழுவில் வந்து குவிந்த ரோஜாப்பூ படங்களுக்கும் இரங்கல் வசனங்களுக்கும் அடியில் எங்கேயோ புதைந்துபோயிருந்தது. நகரி பிரதரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கம்போலப் பழைய பொத்தானை அமுக்கினார்கள். காத்திருங்கள் என்று திரை சொன்னது. காத்திருந்தார்கள்.

"அண்ணா, அவுங்களை உள்ள விடுங்க! சீக்கிரம்!"

"எத்த அமுக்கணும்?"

"ஸ்டார்ட்னு இருக்கும் பாருங்க."

"இரு... ஆ, அமுக்கிட்டேன். இப்ப ஒவ்வொரு பேரு பக்கத்துலயும் அட்மிட்னு வருது. இன்னாமா, ஆஸ்பத்திரியில போடறதா?"

"இல்லண்ணா, உள்ள விடறது! எல்லாத்தையும் அமுக்குங்க!"

நகரி பிரதரிடம், ரூத்தக்கா சொல்வது போலவே, "ஹோல்டான் பிரதர்! எல்லாரும் பழைய லிங்க்குக்கு வாங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருடைய ஜெபத்தை நடுவில் நிறுத்தினேன். காகிதத்தை மறந்துவிட்டு, ஜெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பழைய பொத்தானை அமுக்கினேன். சாலமோன் வாயில் பல்துலக்கும் நுரையோடு வந்து பக்கத்தில் நின்றார். திரையில் ஒரு கட்டம், இரண்டு கட்டம், பிறகு கட்டம் கட்டமாகத் திரை நிரம்பியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஸ்தோத்திரம் டீச்சர்!"

"வந்துட்டியா கண்ணு?"

"வச்சேசாவா தல்லி!" என்று தெலுங்கிலும் அதே கேள்வி.

புத்தூர் ரோஸம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "கைக்குழந்தைக்காரி, மனசும் ஒடஞ்சி போயிருக்கும், மெதுவா வரட்டும்னு நாங்க வெளியவே ஜெபம் பண்ணிக்கினு இருந்தோம்மா. ஆளாளுக்கு அவுங்கவுங்க போன் மின்னால. உன்ன அவசரப்படுத்தக் கூடாதுன்னுதான் யாரும் போன் பண்ணல."

இத்தனை நாளும் அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அவர்கள் வாசலில் நின்று எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய ஜெபத்தில் முறை எதுவும் இல்லை. பாட்டு மூன்று சரணம் போனது. தமிழும் தெலுங்கும் கலந்து இடித்துக்கொண்டன. நான் என்ன ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. எழுதி வைக்காததால் சரிபார்க்கவும் வழியில்லை. கடைசியில் ஒரு நிமிட மௌனம் என்றேன். அந்த மௌனத்தில் ஈரத்துணி கார்க் கண்ணாடியில் தேய்கிற சத்தம் கேட்டது. முரளி அண்ணனுக்கு மைக்கை மூடத் தெரியவில்லை.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சுமதி இறங்கவில்லை.

"அண்ணா, நீங்க கட் பண்ணிடாதீங்க. உங்க போன் போனா எல்லாமே மூடிடும்" என்றேன்.

"அலிபிரியில கஸ்டமருங்க வெயிட்டிங்மா." கொஞ்சம் யோசித்தார். "சரே, இருக்கேன். நீ பேசு."

திரையில் மூன்று கட்டங்கள். என்னுடையது ஒன்று, சுமதியுடையது ஒன்று, ரூத்தக்காவின் சிரித்த போட்டோ ஒன்று.

"சுமதி, மாத்திரை போடறியா?"

மெதுவாகச் சொன்னாள். "டெய்லி கையில எடுத்து வச்சிக்கினுதான் வெயிட்டிங்ல நிப்பேங்கா. கதவு தொறக்கும், போடலாம்னு. தொறக்காது. அதுக்குள்ள ஃபேக்டரி பஸ்ஸு ஹாரன் அடிக்கும். மறுபடியும் பையில போட்டுக்கினு ஓடிடுவேன்."

"அப்ப போடவே இல்லையா?"

"யாருக்குக் கேக்கும்னு போடறதுக்கா?"

"ஏதாவது வந்துச்சா?"

"முந்தாநேத்து ஃபேக்டரி லைன்ல மெஷின்கிட்ட நிக்கறப்ப கை வெட்டி இழுத்துச்சி. யாரும் பாக்கல."

நான் டீச்சர். பத்து அறிவுரைகள் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, "இப்ப எடு. எனக்குக் கேக்கணும்" என்றேன்.

"இன்னைக்கு நீங்க கேப்பீங்கக்கா. நாளைக்குக் கதவு தொறக்குமா?"

கதவு என் கையில் இல்லை. அது திருப்பதியில், இதுவரை ஒருநாளும் எங்களோடு உட்காராத ஒரு மனிதரின் கையில் இருந்தது. தெரியாத ஊருக்கு டிக்கெட் கிழிக்கக் கூடாது.

துணி தேய்கிற சத்தம் நின்றது.

"தொறக்கும்மா" என்றது ரூத்தக்காவின் கட்டம். "டெய்லி நான் தொறக்கறேன். மலைக்குப் போறதுக்கு மின்னாடி தொறந்துட்டுதான் போவேன். நீ மாத்திர போடு. டீச்சரம்மாவுக்கு மட்டும் இல்ல, எனக்கும் கேக்கணும்."

சுமதி அழுதாள். அழுதுகொண்டே பையைத் துழாவினாள். ஜிப் சத்தம். காகிதச் சத்தம். பிறகு, பொட்.

நான் 'ஆமென்' சொல்வதற்குள் என் இடுப்பிலிருந்து ஜெனி கத்தினாள்: "ஆமென்!"

அன்று சுமதி ஷிஃப்டுக்குப் போகவில்லை. அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். விட்டுப்போனதை அவரிடம் சொல்லி, அவர் சொன்னபடி மறுபடி ஆரம்பித்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த 'அன்பானவர்களே' செய்தியை அழித்துவிட்டேன்.

மீட்டிங்கை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், சின்ன வேலைதான் என்று சாலமோன் சொல்கிறார். நான் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி முரளி அண்ணனும் கேட்கவில்லை. அவர் இன்றைக்கும் அவர் சாமியைத்தான் கும்பிடுகிறார். நாங்களும் அவரை எதுவும் கேட்பதில்லை. நாங்கள் ஜெபிக்கும்போது அவர் கார் துடைப்பார். கடைசி சீட் முடிந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். மைக்கை மூட மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாலதி, நாளைக்கு உன் முதல் நாள். பயமாக இருக்கிறது என்று சொன்னாய். எனக்கு இன்னும் தினமும் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எழுதி வைத்துக்கொள். நகரி பிரதரை நிறுத்தத் தயங்காதே. சுமதியின் சத்தம் கேட்காமல் இறங்காதே. ஐந்து மணிக்கு முன்னால் பொத்தானை அமுக்கிவிட்டு எல்லோரையும் போல வெளியே நில். கதவு திறக்கும். பெயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். அவசரப்பட்டுப் பேச ஆரம்பித்துவிடாதே. திருப்பதியில் ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அண்ணன், அக்கா சொன்ன மாதிரியே, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"ரைட்!"

அப்போது ஆரம்பி.